படச்சுருளில் ஒரு கடுகு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

சிலம்பையோ குறுந்தொகையையோ எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேதியியலைச் சார்ந்தது. ஒளிப்படச் சுருளில் மிக மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் தனிமங்களை நிறை நிறமாலைமானி என்னும் கருவியால் அறியும் முறை பற்றியது. தமிழ் பயிற்றும் ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். வினா நியாயமானதே. நான் செய்த ஒரு பிழையே இப்பொருளிடம் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தந்தையார் இராசிபுரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் டூரிங் டாக்கீஸ் ஒன்றில் படம் ஓட்டும் ஆபரேட்டராகப் பணியாற்றியவர். ஓடும்போது படச்சுருள் அறுந்துவிட்டால், கூட்டம் சீழ்க்கை அடிக்கும் அந்த இரண்டு நிமிடத்திற்குள் சிதைந்த கட்டங்களை வெட்டி நீக்கி, விளிம்பைப் பிளேடால் சுரண்டி, பசை தடவி ஒட்டி ஓட்டிவிடுவார். வெட்டிய துண்டுகளை அவர் எறிந்ததில்லை. ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைப்பார். யாரும் திரும்பக் கேட்டு வாராத முழுச் சுருள்கள் இரண்டும் அப்பெட்டியில் இருந்தன. அவர் மறைந்த பின், நான் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில், வீடு மாற வேண்டியிருந்தது. பழைய சாமான்கள் எடுக்க வந்தவரிடம் அப்பெட்டியையும் எடுத்து வைத்தேன்.

அவர் சுருளில் ஒரு முழ நீளம் இழுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கறுப்பு வெள்ளையை ஒருபுறமும் வண்ணத்தை மறுபுறமுமாகப் பிரித்தார். “அம்மணி, கலர்ல வெள்ளி இல்லீங்க, இதை நீங்களே வெச்சுக்குங்க” என்றார். கறுப்பு வெள்ளையை நிறுத்துப் பார்த்துப் பணம் தந்து போனார். மாலையில் என் தாயார், “அப்பா பொட்டி எங்க கண்ணு?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. அந்த இரண்டு சுருள்களும் எந்தப் படத்தின் பகுதிகள் என்பதை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஏடு தேடி ஏட்டுக்கு ஏடு பாடபேதம் ஒப்பிட்டு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த நான், என் வீட்டிலிருந்த ஏட்டை எடைக்குப் போட்டேன்.

“கலர்ல வெள்ளி இல்லீங்க” என்ற தொடர் மட்டும் செவியில் நின்றுவிட்டது. அதன் பொருளைத் தேடியே வேதியியல் துறைத் தோழியரிடம் சென்றேன். அவர்கள் கற்பித்ததையும், அதன் பின் நான் படித்தறிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன்.

படச்சுருள் என்பது யாது? கண்ணாடி போன்ற ஒரு தாள். அதன்மேல் ஜெலட்டின் என்னும் பசைப் படலம். அப்படலத்துக்குள் எண்ணிறந்த வெள்ளி உப்புப் படிகங்கள். இவ்வளவே. இவற்றுள் வெள்ளி புரோமைடு தலைமையானது. ஒளி ஒரு படிகத்தின்மேல் விழும்போது அதனுள் ஏறத்தாழ நான்கு வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் கூடினால் போதும். அப்படிகம் ஒளியை நினைவில் வைத்துக்கொள்கிறது. இந்நிலையில் படம் கண்ணுக்குத் தெரியாது. உருத்துலக்கும் நீர்மத்தில் இட்டதும், அந்த நான்கு அணுக்களை வித்தாகக் கொண்டு படிகம் முழுவதும் வெள்ளியாக மாறுகிறது. பெருக்கம் ஏறத்தாழ நூறு கோடி மடங்கு. ஒளி படாத படிகங்களை மற்றொரு நீர்மம் கரைத்து நீக்கிவிடும். எனவே கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் காணும் கருமை வெள்ளியே. கண்ணாம்பாவின் கூந்தலும் வெள்ளி. இரவுக் காட்சியின் இருளும் வெள்ளி. வண்ணச் சுருளிலோ, வெள்ளி தன் கடமையை முடித்துச் சாயங்களை உருவாக்கிய பின் கழுவி நீக்கப்படுகிறது. எஞ்சுவது சாயம் மட்டுமே. பெட்டியை வாங்கிச் சென்றவர் சொன்னதில் பிழையேதும் இல்லை.

இனிக் கடுகுக்கு வருவோம். 1920களில் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தாருக்கு ஒரு தொல்லை இருந்தது. ஒரே முறையில், ஒரே அளவில், ஒரே கைகள் செய்த படச்சுருள்களுள் சில ஒளியை விரைந்து பற்றின. சில மந்தமாக இருந்தன. வெள்ளியில் வேறுபாடு இல்லை. வேறுபாடு ஜெலட்டினில் இருந்தது. ஜெலட்டின் கால்நடைகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுக்கப்படுவது. சாமுவேல் ஷெப்பர்ட் என்னும் ஆய்வாளர் அதைத் துருவிச் சென்று 1925இல் விடையை வெளியிட்டார். நல்ல ஜெலட்டினில் கந்தகச் சேர்மம் ஒன்று பத்து இலட்சத்தில் சில பங்கு என்னும் அளவில் கலந்திருந்தது. அது கடுகின் காரத்துக்குக் காரணமான எண்ணெயைச் சார்ந்தது. மாடுகள் மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து அவற்றின் உடலில் ஊறி, தோலில் தங்கி, பசையில் கலந்து, படச்சுருளுக்குள் வந்து சேர்ந்திருந்தது. அக்கந்தகம் வெள்ளிப் படிகத்தின் மேற்பரப்பில் வெள்ளி சல்பைடுப் புள்ளிகளாகப் படிகிறது. ஒளியால் விடுபடும் மின்னணுக்கள் அங்கே தங்க இடம் கிடைக்கிறது. படிகம் கூருணர்வு பெறுகிறது.

மாசு நீக்கிய தூய ஜெலட்டினில் செய்த சுருள் மந்தமாகவே இருந்தது என்பது இங்கு நோக்கத்தக்கது. உலகமெல்லாம் திரைப்படம் பார்த்து அழுததற்கும் சிரித்ததற்கும் பின்னே ஒரு மாடு மேய்ந்த கடுகுச் செடி இருந்திருக்கிறது!

குறளின் பெருமையைச் சொல்ல வந்த இடைக்காடர் கடுகை உவமையாகக் கொண்டார், ஔவையார் அணுவை உவமையாகக் கொண்டார் என்பது மரபு. நம் படச்சுருளில் கடுகும் அணுவும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

கந்தகத்துக்குப் பின் பொன் வந்தது. செருமனியின் அக்ஃபா நிறுவனத்தில் கொஸ்லோவ்ஸ்கி என்பார் 1936இல் பொன் உப்பைச் சிறிதளவு சேர்த்துச் சுருளின் கூருணர்வைப் பன்மடங்காக்கினார். இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அது தொழில் மறையாகவே காக்கப்பட்டது. பின்னர் இரிடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்களும் வந்தன. மிக மங்கிய ஒளியிலும் மிகக் குறுகிய மின்னலொளியிலும் சுருள் தடுமாறாமல் இருக்க இரிடியமும், கறுப்புக்கும் வெள்ளைக்குமான வேறுபாடு கூர்மையாக ரோடியமும் உதவின. இவற்றின் அளவு பல கோடி வெள்ளி அணுக்களுக்கு ஒன்று என்னும்படியும் அமைவதுண்டு.

அங்ஙனமாயின் மாசெல்லாம் நன்மையே என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. செம்பும் இரும்பும் வேண்டாத இடத்தில் வேண்டாத அளவில் கலந்தால் ஒளி படாத இடமும் கருத்துப்போகும். படத்தின்மேல் மூட்டம் கவியும். நம் மேற்கே உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலைக்கு மலையுச்சியைத் தேர்ந்ததற்கு அங்குள்ள குளிர்ச்சியும் தூசு குறைந்த காற்றும் தூய நீரும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ‘இந்து’ என்னும் பெயரோடு வந்த அந்தச் சுருள்களையும் எக்ஸ்ரே தாள்களையும் உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். அவ்வாலை 1990களில் நலிவுற்று, பின்னர் மூடப்பட்டது.

மாசு எவ்வளவு தொலைவிலிருந்தும் வரலாம் என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சி சான்று. 1945இல் கோடக் நிறுவனத்தின் எக்ஸ்ரே சுருள்களில் காரணம் தெரியாத புள்ளிகள் தோன்றின. ஜூலியன் வெப் என்னும் இயற்பியலாளர் ஆராய்ந்தார். சுருள்களுக்கு இடையில் வைத்த வைக்கோல் அட்டையே காரணம் எனக் கண்டார். அவ்வட்டை இந்தியானா மாநிலத்தின் வின்சென்ஸ் நகரில், வாபாஷ் ஆற்று நீரைக் கொண்டு செய்யப்பட்டது. அந்நீரில் சீரியம்-141 என்னும் கதிரியக்கத் தனிமம் கலந்திருந்தது. 1945 சூலை 16ஆம் நாள் ஆயிரம் மைலுக்கும் அப்பால் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வெடிக்கப்பட்ட முதல் அணுகுண்டின் துகள் காற்றில் ஏறி, மழையில் இறங்கி, ஆற்றில் கலந்து, அட்டையில் படிந்து, சுருளில் புள்ளியாக விழுந்திருந்தது. அரசுகள் மறைத்து வைத்த செய்தியை ஓர் அட்டைப்பெட்டி வெளியிட்டது. 1949இல் வெப் இதனைக் கட்டுரையாக எழுதினார். அவர் இதைக் கண்டறிந்தது கதிரியக்கம் தேயும் கால அளவைக் கொண்டே. கதிர்வீசாத, அமைதியாக ஒளிந்திருக்கும் தனிமங்களை அறிய வேறு கருவி வேண்டும். அதுவே நிறை நிறமாலைமானி.

அதன் வழி எளிமையானது. பொருளை அணுக்களாகப் பிரி. அணுக்களுக்கு மின்னேற்றம் கொடு. மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் அவற்றை ஓடவிடு. எடை குறைந்தவை மிகுதியாக வளையும். எடை மிகுந்தவை குறைவாக வளையும். எங்கே விழுகிறது என்பதைக் கொண்டு எது விழுந்தது என்று சொல்லிவிடலாம். களத்து மேட்டில் காற்றுக்கு எதிரே முறம் பிடித்துத் தூற்றும் நம் உழவர்க்கு இந்தத் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. நெல் கிட்டே விழும். பதர் தள்ளி விழும். 1919இல் கேம்பிரிட்ஜில் ஆஸ்டன் என்பார் இக்கருவியைச் செம்மை செய்து, ஒரே தனிமத்துக்குள் வேறுவேறு எடையுள்ள அணுக்கள் இருப்பதைக் காட்டி, 1922இல் நோபல் பரிசு பெற்றார். பெயின்பிரிட்ஜ் அமைத்த வகை நம் மேனிலைப் பள்ளி இயற்பியல் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. மாணவராக இருந்தபோது அதன் படத்தை வரைந்தவர்கள் இவ்வவையிலும் இருப்பீர்கள்.

அந்தப் படத்தை நினைவுகூருங்கள். அணுக்கள் சென்று விழும் இடத்தில் இருந்தது ஓர் ஒளிப்படத் தகடு! ஆஸ்டன் கண்ட கோடுகளும் ஒளிப்படத் தகட்டிலேயே பதிந்தன. பிற்காலத்தில் ஒளிப்படச் சுருளையே ஆராயப் புகுந்த இக்கருவி, தன் இளமையில் ஒளிப்படத்தின் கண்ணைக் கொண்டே பார்த்தது.

இக்காலத்தில் பெரிதும் வழங்கும் முறை 1980இல் அமெரிக்காவின் அயோவாவில் செய்து காட்டப்பட்டது. சுருளிலிருந்து சிறு துண்டை வெட்டி, ஜெலட்டினைச் சிதைத்து, அமிலத்தில் கரைத்து, அக்கரைசலைப் பனிபோல் தெளித்து ஆர்கான் பிழம்புக்குள் செலுத்துவர். ஆறாயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட அவ்வெப்பத்தில் எல்லாச் சேர்க்கையும் பிரிந்து அணுக்கள் மின்னேற்றம் பெறும். வெள்ளி 107, 109 என்னும் இரு எடைகளில் வந்து நிற்கும். பொன் 197. ரோடியம் 103. இரிடியம் 191, 193. ஆயினும் இடையூறுகள் உண்டு. வெள்ளியின் பெருங்கூட்டம் சிறியவற்றின் குரலை அமுக்கிவிடும். எனவே வெள்ளியை முன்னரே வீழ்படிவாக்கி விலக்க முயல்வர். கந்தகத்தின் எடை 32. காற்றிலுள்ள ஆக்சிசன் இரண்டிரண்டாக இணைந்தாலும் எடை 32. ஒருவர் நிழலில் மற்றவர் மறைந்துகொள்வார். கந்தகத்தோடு ஓர் ஆக்சிசனைச் சேர்த்து 48 ஆக்கி, வேறிடத்தில் விழச் செய்து அடையாளம் காண்பது இன்றைய உத்தி. முதலில் கண்டறியப்பட்ட அந்தக் கடுகின் கந்தகமே பிடிபடுவதற்கு அரிதாக இருப்பது வியப்பன்றோ!

இக்கருவி நூறு கோடியில் ஒரு பங்கையும் அறியவல்லது. அது எவ்வளவு? நம் பகுதிக் கணக்கில் சொல்கிறேன். ஒரு சிறு கடுகின் எடை ஏறத்தாழ இரண்டு மில்லிகிராம். ஆத்தூர்ப் பக்கத்து ஆலையொன்றில் இரண்டு டன் ஜவ்வரிசி குவிந்திருக்கிறது. அதில் ஒரே ஒரு கடுகு விழுந்துவிட்டது. அந்தக் கடுகு இருப்பதைச் சொல்வதே நூறு கோடியில் ஒரு பங்கை அறிவது.

இவ்வளவு நுட்பம் வாய்ந்த முறையில் ஒரு துயரமும் உண்டு. அறியப்படும் துண்டு அழிந்துபோகிறது. கரைத்தால்தான் அறியலாம். இதற்கு முன்மாதிரி நம்மிடம் உண்டு. பாண்டியன் அவையில் உள்ளீட்டை ஆராய்ந்த வழக்கு ஒன்று நடந்தது. இரண்டு சிலம்பும் புறத்தே ஒன்றுபோல் இருந்தன. உள்ளே இருந்த பரல் மாணிக்கமா முத்தா என்பதே வினா. உடைத்த பின்னரே உண்மை தெறித்தது. வழக்கு வென்றது, ஆனால் சிலம்பு மீளவில்லை. இன்று லேசர் ஒளியால் ஊசிமுனை அளவே சுரண்டி எடுக்கும் முறையும், சுரண்டாமலே எக்ஸ்ரே ஒளிர்வால் அறியும் முறையும் வந்துள்ளன. பின்னதைக் கொண்டு அமெரிக்காவின் கெட்டி நிறுவனத்தார் பழைய ஒளிப்படத் தாள்களிலுள்ள பேரியம், ஸ்டிரான்சியம் ஆகியவற்றின் விகிதத்தை அளந்து, தாள்களின் பிறப்பையும் காலத்தையும் ஆராய்ந்தனர். ஓலையையும் எழுத்தமைதியையும் கண்டு சுவடியின் காலத்தை நாம் உய்த்துணர்வது போன்றதே இது. ஆனால் எந்தக் கருவிக்கும் ஒரு முன்தேவை உண்டு. ஆராயப் பொருள் எஞ்சியிருக்க வேண்டும்.

இங்கேதான் நம் ஊர் வருகிறது. தம் பெயரின் முதலெழுத்தில் திருச்செங்கோட்டைத் தாங்கிய டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1937இல் ‘சதி அகல்யா’, 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’, 1950இல் ‘மந்திரிகுமாரி’, 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஈன்ற இடத்தில் இன்று ஏற்காட்டுச் சாலையோரம் ஒரு முகப்பு வளைவே நம் கண்ணில் படுகிறது. 1931இல் வந்த தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் படி ஒன்றும் கிடைக்கவில்லை. தமிழின் ஊமைப் படங்களும் தொடக்ககாலப் பேசும் படங்களும் பெரும்பாலும் அழிந்துபோயின. தீயும் வெப்பமும் தின்றவை பல. வெள்ளிக்காகக் கழுவப்பட்டவையும் பல. கூந்தலின் கருமையும் இரவின் இருளும் அமிலத்தில் கரைந்து கட்டி வெள்ளியாகத் திரும்பின.

வெள்ளி நம் ஊருக்குப் புதிதன்று. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு நாடறிந்தது. என் தந்தையாரின் சுருள்களிலிருந்து எடுத்த வெள்ளி எங்கே சென்றது என்று சில இரவுகளில் எண்ணுவேன். எங்கோ ஒரு பெண்குழந்தையின் காலில் அது கொலுசாக ஒலிக்கலாம். அப்படியிருப்பின் மகிழ்ச்சியே. ஆனால் உருக்கப்பட்ட வெள்ளி தான் எந்த முகமாக இருந்தது என்பதைச் சொல்லாது. நிறை நிறமாலைமானியில் இட்டால் 107 என்றும் 109 என்றும் மட்டுமே சொல்லும். வெள்ளி அழியவில்லை; ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அழிந்தது அணுக்கள் நின்ற வரிசை. படம் என்பது அந்த வரிசைதான். கவிதையும் அத்தகையதே. சொற்கள் எல்லாம் அகராதியில் இருக்கின்றன. அவை நின்ற வரிசை கெட்டால் கவிதை இல்லை.

கவிஞர் பெருமக்களே! ஈராண்டுகளுக்கு முன் இவ்வவையில் நடந்த ஒரு விவாதத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இளங்கவிஞர் ஒருவர் தம் பாட்டியின் வழக்குச் சொல்லைக் கவிதையில் ஆண்டிருந்தார். அதை நீக்குக என்றவர்களுள் நானும் ஒருத்தி. செந்தமிழ் மாசுபடுகிறது என்று வாதிட்டேன். அவர் நீக்கினார். நீக்கிய பின் படித்தபோது கவிதை பிழையின்றி இருந்தது; மந்தமாகவும் இருந்தது. தூய ஜெலட்டின்! ஷெப்பர்டின் கட்டுரையைப் பற்றிப் படித்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த இளைஞரின் முகம்தான். இந்த மேடையிலிருந்து அவரிடம் என் பிழையை ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் மாசு எதுவாயினும் வருக என்று நான் சொல்லவில்லை. செம்பு மூட்டத்தைத் தரும். கந்தகம் கூர்மையைத் தரும். ஷெப்பர்டுக்குப் பின் தொழிலறிஞர்கள் என்ன செய்தனர் என்பதைக் கருதுக. மாடு கடுகு மேய்ந்ததா என்று காத்திருக்கவில்லை. ஜெலட்டினைத் தூய்மை செய்து, பின்னர்க் கந்தகத்தை அளந்து தாமே சேர்த்தனர். தற்செயல் கைத்திறனாயிற்று. வழக்குச் சொல்லையும் அவ்வாறே அறிந்து, அளந்து, உரிய இடத்தில் வைக்க வேண்டும். அறியாமல் சேர்ப்பதும் பிழை. அறியாமல் நீக்குவதும் பிழை.

சுவடு என்றால் அடித்தடம். சுவடி என்றால் ஏட்டுக்கட்டு. வேர்கள் எவ்வாறாயினும் என் செவிக்கு அவை உடன்பிறந்த சொற்களாகவே ஒலிக்கின்றன. தடம் இருந்தால்தான் தேடலாம். கட்டி வைத்தால்தான் தடம் இருக்கும். ஆகவே வட்டத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்து அமைகிறேன். பதினோராம் ஆண்டில் ஒரு கூட்டத்தைக் கவிதைக்கன்றிப் பெட்டிகளுக்கென ஒதுக்குங்கள். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் நம் உறுப்பினர் வீடுகளில் கிடக்கும் பழைய நெகட்டிவ்கள், படத்துண்டுகள், கண்ணாடித் தகடுகள், கையெழுத்துப் படிகள் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றிலும் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று முதியோரைக் கேட்டு எழுதி வைப்போம். குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட இடத்தில் வைப்போம். ஆராய்பவர் என்றேனும் வருவார்; அவர் வரும்போது பொருள் இருக்கட்டும்.

அந்த வணிகர் வேண்டாமென்று விட்டுச்சென்ற வண்ணத் துண்டுகள் இன்னும் என்னிடம் உள்ளன. சாயம் வெளிறி எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன. ஒன்றில் ஒரு பெண் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாள். யாருக்காகத் திறந்தாள் என்பது அடுத்த கட்டத்தில் இருந்திருக்கும். முதற்பெட்டியாக அதையே கொண்டுவருகிறேன்.